தமிழ் சார் ஒண்டி போதுங்க

உங்க பள்ளிக்கூடத்துல எனக்கு ரொம்பப் பிடிச்சது, வேலையைப் பங்கு பிரிச்சு வச்சிருக்கிற நேர்த்திதான், எச்.எம். ஐயா. கணக்கு சார் கணக்குப் போடுவாரு. சயின்ஸ் டீச்சர் படம் வரைவாங்க. சோசியல் சார் வருஷம் சொல்லுவாரு. வாசிக்கக் கத்துக்குடுக்கிறது மட்டும் தமிழ் சார் பொறுப்பு. அறிவியல் புத்தகத்தைப் பிரிச்சு வச்சுக்கிட்டு ஒரு பையன் திருதிருன்னு முழிச்சான்னு வைங்க, "தமிழ்ல என்னத்தச் சொல்லிக் குடுத்தாங்களோ"ன்னு ஒரு பெருமூச்சு விட்டுட்டு எல்லாரும் டீ குடிக்கப் போயிடலாம். சம்பளம் வாங்க அஞ்சு பேரு, திட்டு வாங்க ஒருத்தரு. இதைவிடச் சிக்கனமா ஒரு ஏற்பாட்ட நான் எங்கயும் பாத்ததில்ல.

நான் யாரு கேக்கன்னு நெனைக்காதீங்க. பள்ளி மேலாண்மைக் குழுவுல கையெழுத்துப் போடுறவன். அந்தக் காலத்துப் பதினோராம் கிளாஸ் எஸ்.எஸ்.எல்.சி. கச்சிராயபாளையத்துல கொஞ்சம் கரும்பு, மலையடிவாரத்துக் கொல்லையில கொஞ்சம் குச்சிக்கிழங்கு. பேரன் உங்ககிட்ட ஒன்பதாவது படிக்கிறான், வம்பு அங்கதான் ஆரம்பிச்சுது.

ராத்திரி அவன் சயின்ஸ் புத்தகத்தை வாங்கிப் பாத்தேன். என்னா அழகு! பக்கத்துக்குப் பக்கம் பென்சில்ல அடைப்புக்குறி. ஒண்ணுக்கு மேல "2 மார்க்". இன்னொண்ணுக்கு மேல "5 மார்க், இம்பார்ட்டன்ட்", பக்கத்துலயே ஒரு நட்சத்திரம். குறிக்குள்ள இருக்கிற வரியெல்லாம் விரல் பட்டுப் பட்டு அழுக்கேறிப் போயிருக்குது. குறிக்கு வெளியில இருக்கிறது அச்சாபீசுலேருந்து வந்த மேனிக்குப் பளிச்சுன்னு கெடக்குது. "ஏன்டா, நடுவுல இந்தப் பாராவைப் படிக்கலயா?"ன்னு கேட்டேன். "அது ஆன்சர் இல்ல தாத்தா"ன்னான்.

எப்படி வகுப்பு நடக்குதுன்னும் சொன்னான். டீச்சர் பக்கம் நம்பர் சொல்லுவாங்களாம். "ரெண்டாவது பாரா, 'எனவே'ல ஆரம்பி, 'எனப்படும்'ல முடி. போட்டாச்சா? அடுத்த கேள்வி." டீச்சர், உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு! அந்தப் பாடத்தைப் புரட்டிப் புரட்டி விடை எங்க ஒளிஞ்சிருக்குதுன்னு தேடுற பாட்டையெல்லாம் நீங்களே பட்டுடுறீங்க. மல்லாட்டையை நாமளே உரிச்சு உரிச்சு வாயில போட்டா, புள்ளைக்கு உரிக்கிற கை எப்ப வரும்னு கேக்குறவன் கெட்டவன். அப்பறம் இன்னொண்ணு. காரணம் எப்பவும் "எனவே"வுக்கு முன்னால குந்தியிருக்கும். அதை வெளியில விட்டுட்டு விளைவை மட்டும் உள்ள இழுத்து வேலி போட்டுட்டீங்க. ஏன், எதுக்குன்னு எதிர்க்கேள்வி கேக்காத புள்ளைய வளக்கணும்னா இதைவிட நல்ல வழி கிடையாது. மாத்திடாதீங்க.

பொதுத்தேர்வு முடிஞ்ச அன்னிக்கு டீக்கடையில உங்க ஆளுங்க பேசுறது என் காதுல விழும். "புக் பேக் கொஸ்டின் கம்மிங்க, உள்ளேருந்து கேட்டுட்டான்!" உள்ளன்னா எங்க சார்? புத்தகத்துக்குள்ளதானே? ஊரான் வீட்டுக்குள்ள பூந்து கேட்ட மாதிரியில்ல பேசுறீங்க.

சரி, கிழங்குக்கு வர்றேன். ஒன்பதாவது அறிவியல்ல "பாய்மங்கள்"னு ஒரு பாடம் இருக்குது. அடர்த்தி, ஒப்படர்த்தி, மிதப்பு விசை, ஆர்க்கிமிடிஸ் எல்லாம் அதுலதான். பேரன்கிட்ட ஒப்படர்த்தின்னா என்னன்னு கேட்டேன். மூச்சு விடாம ஒப்பிச்சான், நட்சத்திரம் போட்ட கேள்வியாச்சே. உடனே ஜோப்புலேருந்து மில்லுச் சீட்டை எடுத்து நீட்டினேன். குச்சிக்கிழங்கு விக்கிறவனுக்குத் தெரியும், சேகோ மில்லுல கிழங்கை எடைக்கு மட்டும் வாங்குறதில்ல, பாயிண்ட்டுக்கு வாங்குறான். சாம்பிள் கிழங்கை வெளியில ஒரு நிறுவை, தண்ணிக்குள்ள முக்கி ஒரு நிறுவை. மாவு ஜாஸ்தியான கிழங்கு தண்ணிக்குள்ளயும் கனமா நிக்கும், பாயிண்ட் ஏறும். நீர் கோத்த கிழங்கு லேசாயிடும், பாயிண்ட் எறங்கும். ஒரு டன்னுக்கு ஒரு பாயிண்ட் 250 ரூபான்னு வச்சுக்குங்க. 28 பாயிண்ட் கிழங்குக்கு 7,000. அதே கிழங்கு 26ன்னு எழுதிட்டா 500 ரூபா போச்சு. சீட்டுல வண்டியோட எடை, வெத்து வண்டி எடை, கழிவு, நிகர எடை, பாயிண்ட், விலைன்னு கட்டம் கட்டமாப் போட்டிருக்குது. பேரன் மேலயும் கீழயும் பாத்தான். "இது எந்தப் பாடம் தாத்தா?"ன்னு கேட்டான். அடேய், நீ இப்ப ஒப்பிச்சியே, அதே பாடம்தான்டா!

அவனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாதா? நல்லாத் தெரியும். தினத்தந்தியக் கடகடன்னு படிக்கிறான். கட்டத்தை எப்படிப் படிக்கிறது, எந்தக் கட்டத்துலேருந்து எந்தக் கட்டம் பொறக்குதுன்னு அவனுக்கு யாரும் காட்டல. தமிழ் சார் காட்டியிருக்கலாமேன்னு சொல்லாதீங்க. அவரு சங்கப்பாட்டைப் பதம் பிரிச்சு ருசி காட்டுவாரு. வேதிச் சமன்பாட்டு முன்னால அவரும் நானும் ஒண்ணுதான்.

கணக்கு சார் சிரிக்கிறாரு. எங்க பாடத்துல வாசிப்பு எங்க வந்துச்சு, எல்லாம் நம்பர்தானேன்னு நெனைக்கிறாரு. அவருக்கு ஒரு கணக்கு. "ஓர் எண்ணின் மூன்று மடங்கிலிருந்து 5-ஐக் கழித்தால் 16 கிடைக்கும் எனில், அந்த எண் எது?" விடை 7. நம்ம பையன் மொதல்ல 5 எழுதினான், கழித்தல் குறி போட்டான், அப்பறம் 3x. நீங்க சிவப்பு மையில சுழிச்சு, கழித்தல் வரலன்னு பத்துக் கழித்தல் கணக்கு வீட்டுப்பாடம் குடுத்தீங்க. பத்தையும் சரியாப் போட்டுட்டான். அவன் தடுக்கி விழுந்தது கழித்தல்ல இல்ல சார். "மடங்கிலிருந்து"ங்கிற சொல்லோட வாலுல. எதுலேருந்து எது போவுதுன்னு அந்த வாலுதான் சொல்லுது. தமிழ் வகுப்புல அதுக்கு ஐந்தாம் வேற்றுமைன்னு பேரு சொல்லி, பரிச்சையில அவன் ஒரு மார்க்கும் வாங்கிட்டான். அந்த ஐந்தாம் வேற்றுமை கணக்குப் புத்தகத்துலயும் குடியிருக்குதுன்னு அவனுக்கு யாரு சொல்றது? தமிழ் சார் கணக்குப் புத்தகத்தைத் தொட மாட்டாரு, நீங்க வேற்றுமையைத் தொட மாட்டீங்க. பையன் ரெண்டு பேருக்கும் நடுவுல குந்தியிருக்கிறான்.

கதையை ஓடி ஓடிப் படிக்கலாம். கணக்கை நின்னு, பின்னால போயி, மறுபடி வந்து படிக்கணும். "குறைந்தபட்சம்", "மிகாமல்", "தவிர" இதுல ஒண்ணை முழுங்கினாலும் கணக்கே கவுந்துரும். சும்மா பரிச்சைக்குன்னு நெனைச்சுடாதீங்க. மலையில நிலத்துக்கு உரிமை கேட்டு எழுதிப் போடுறாங்களே, 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம், அதுல பழங்குடிங்களுக்கு ரெண்டு முக்கியமான வரி இருக்குது. 2005 டிசம்பர் 13-க்கு முன்னாலேருந்து அனுபவத்துல இருக்கணும். 4 ஹெக்டேருக்கு மிகாமத்தான் கிடைக்கும். "முன்"னும் "மிகாமல்"லும் எந்த வகுப்புச் சமாச்சாரம்? கணக்கா, சோசியலா, தமிழா? தீத்து வைங்க, நான் காத்திருக்கேன்.

சயின்ஸ் டீச்சர் சங்கடம் எனக்குப் புரியுது. அந்தப் புத்தகத்து வாக்கியங்க லேசுப்பட்டது இல்ல. "மூடிய கலத்தில் வைத்து வெப்பப்படுத்தப்படும் வாயுவின் மூலக்கூறுகள் பெறும் இயக்க ஆற்றல் அதிகரிப்பதால், கலத்தின் சுவர்கள் மீது அவை செலுத்தும் அழுத்தமும் அதிகரிக்கிறது." இந்தத் தினுசுல ஒரு வரி வந்தா நடுவுல மூச்சு விட எடம் இல்ல. வினை கடைசியில வருது, அதுவரைக்கும் புள்ள எல்லாத்தையும் தலையில சுமந்துக்கிட்டே போவணும். அங்கதான் நீங்க வேணும். கடைசியிலேருந்து பிரிங்க. எது அதிகரிக்குது? அழுத்தம். எது மேல? சுவர் மேல. யாரு அழுத்துறாங்க? மூலக்கூறுங்க. ஏன் திடீர்னு வேகம்? சூடு. ரெண்டு நிமிஷ வேலை. எதை முதல்ல கேக்கணும்னு சயின்ஸ் தெரிஞ்சவங்களுக்குத்தான் தெரியும். தமிழ் சாரை விட்டா "வெப்பப்படுத்தப்படும்" எதிர்மறையா உடன்பாடா, செய்வினையா செயப்பாட்டுவினையான்னு ஆரம்பிச்சுடுவாரு. வாயு வெடிச்சுடும்.

கெழவன் திண்ணையில குந்திக்கிட்டு என்னமோ பேசறான்னு சொல்றவங்களுக்கு ஒரு பழைய கதை. 2010-ல தமிழ்நாட்டுப் புள்ளைங்களும் இமாச்சலப் பிரதேசத்துப் புள்ளைங்களும் பிசான்னு ஒரு உலகப் பரிச்சை எழுதினாங்க. 15 வயசுப் புள்ளைங்களுக்கு வைக்கிறது. 2011 டிசம்பர்ல முடிவு வந்துச்சு. எழுவத்திச் சொச்சம் நாடும் மாநிலமும் நின்ன வரிசையில கடைசி மூணு எடத்தை நாம, இமாச்சலம், கிர்கிஸ்தான் மூணு பேரும் பங்கு போட்டுக்கிட்டோம். வாசிப்புல அடிப்படை நிலையைத் தொட்ட நம்ம புள்ளைங்க நூத்துக்கு 17. வசதியான நாடுங்களோட சராசரி 81. நாமளும் விடுவோமா? 2012, 2015, 2018-னு அடுத்தடுத்து வந்த பரிச்சைக்குப் போவவே இல்ல. எழுதலன்னா பெயிலாவ மாட்டோம்ல.

அந்தப் பரிச்சையோட பழைய கேள்வித்தாள் ஒண்ணைப் பேரன் போன்ல காட்டினான். வாசிப்புக் கேள்விதான். ஆப்பிரிக்காவுல சாட்னு ஒரு ஏரி. ஆயிரமாயிரம் வருஷமா அதோட ஆழம் ஏறி எறங்கினதுக்கு ஒரு கோட்டுப்படம். கூடவே, சகாரா பாறை ஓவியத்துல எந்தக் காலத்துல எந்த மிருகம் வந்துச்சு, எப்ப மறைஞ்சுதுன்னு இன்னொரு படம். ரெண்டையும் சேத்துப் பாத்துப் பதில் சொல்லணும். கதையில்ல, செய்யுளில்ல, கட்டுரையில்ல. இதுக்குப் பேரு வாசிப்புப் பரிச்சையாம்! நம்ம கணக்குப்படி இது யார் தலையில விழும்? பூகோளம், கணக்கு, சரித்திரம் மூணு பேரும் சேந்து தமிழ் சாரைப் பாப்பீங்க. அவரு ஜன்னலைப் பாப்பாரு. கோமுகி அணை நீர்மட்டம் பேப்பர்ல வருதே, அதை வெட்டி வெட்டி ஒட்டி, ஐப்பசியிலேருந்து தை வரைக்கும் ஒரு கோட்டுப்படம் போடச் சொல்லி, "எந்த வாரம் மலையில மழை பிச்சுச்சு?"ன்னு சோசியல் சார் கேட்டா என்ன கொறஞ்சுரும்? சாட் ஏரிக்குப் போவத் தேவையில்ல. ஆனா ஒண்ணு, அதுக்கு அடைப்புக்குறி போட முடியாது. அது ஒரு கஷ்டம்.

இது எனக்குத் தோணின புதுசும் இல்ல. இங்கிலாந்துல ஆலன் புல்லக்னு ஒரு சரித்திர வாத்தியாரு தலைமையில குழு போட்டு, 1975-லயே அறிக்கை குடுத்துட்டாங்க. மொழி எல்லாப் பாடத்து வாத்தியாருக்கும் உள்ள பொறுப்பு, ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளிக்கும் இதுக்குன்னு ஒரு கொள்கை வேணும்னு எழுதினாங்க. நம்ம நாட்டுல 2005-ஆம் வருஷத்துத் தேசியக் கலைத்திட்டக் கட்டமைப்பும் அதைத்தான் சொல்லுது. 2015-லேருந்து பி.எட். ரெண்டு வருஷமாச்சே, அதுல எல்லாப் பாடத்துலயும் மொழின்னு ஒரு பேப்பரே வச்சாங்க. இளவட்ட வாத்தியாருங்க எல்லாம் அதுல பாஸ் பண்ணித்தானே வந்திருக்கீங்க? எத்தினி மார்க்குன்னு கேக்க மாட்டேன். அதுக்கும் யாரோ ஒருத்தர் "எனவே"லேருந்து "எனப்படும்" வரைக்கும் குறி போட்டுக் குடுத்திருப்பாங்க.

சர்க்காரும் சும்மா இல்ல. சின்னப் புள்ளைங்களுக்கு 2022-லேருந்து எண்ணும் எழுத்தும் திட்டம். பெரிய புள்ளைங்க கைக்கு வாசிப்பு இயக்கத்துச் சின்னச் சின்னப் புத்தகம். நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படி. பேரு வச்சவன் வாழ்க. 2025-ல 6-லேருந்து 9-ஆம் கிளாஸ் வரைக்கும் திறன்னு ஒரு திட்டம். பின்தங்கின புள்ளைங்களுக்குத் தமிழ், இங்கிலீசு, கணக்கு. எல்லாம் நல்ல காரியம். எழுத்துக்கூட்டத் தெரியாதவனை எட்டாங்கிளாசு வரைக்கும் இட்டுக்கினு வந்த பாவத்துக்கு அது பிராயச்சித்தம். ஆனா எழுத்துக்கூட்டிப் பழகினவனை அப்பறம் யாரு கைப்பிடிச்சு அறிவியலுக்குள்ள, சரித்திரத்துக்குள்ள இட்டுக்கினு போறது? "பற"ன்னு சொல்லிட்டோம், அவன் போயி உக்கார்ற மரம் உங்க பாடப்புத்தகம்தானே.

மலைப்புள்ளைங்க பத்தியும் ஒரு பேச்சு ஸ்டாப் ரூம்ல ஓடுது. "வெள்ளிமலை, கரியாலூர் பக்கத்துப் புள்ளைங்களா? அவங்களுக்கு வராது சார்." அப்படிச் சொல்றப்ப நாக்கைக் கொஞ்சம் புடிச்சுக்குங்க. 1976 வரைக்கும் கல்வராயன் மலை மூணு ஜாகீர்தாருங்க கையில இருந்துச்சு. அங்க பள்ளிக்கூடத்து மணிச்சத்தம் கேட்டே ரெண்டு தலைமுறைதான் ஆவுது. இன்னிக்கும் அப்பனும் ஆத்தாவும் மெளகு பறிக்கக் கேரளாவுக்கும் காப்பித் தோட்டத்துக்குக் குடகுக்கும் போயிட, புள்ள உண்டு உறைவிடப் பள்ளியில குந்தியிருக்கும். வீட்டுல படிச்சுக் காட்ட ஆள் இல்ல. ஆனா அந்த வீட்டுப் பேச்சும் தமிழ்தான். "வெப்பப்படுத்தப்படும்"னு மலையில யாரும் பேசறதில்லன்னு குறை சொல்றீங்க. கள்ளக்குறிச்சி டவுன்ல யாரு வீட்டுல பேசறாங்க? உங்க வீட்டுல "கலத்தில் உள்ள நீர் வெப்பப்படுத்தப்பட்டுவிட்டதா"ன்னா காலையில கேக்குறீங்க? புத்தகத் தமிழ் எந்தப் புள்ளைக்கும் தாய்ப்பாலோட வர்றதில்ல. பள்ளிக்கூடத்துலதான் வரணும். டவுன் புள்ளைக்கு ட்யூசன்ல கொஞ்சம் ஒட்டிக்குது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதே மலைப்பொண்ணு பிஞ்சுக் கடுக்காய் எது, முத்தின கடுக்காய் எதுன்னு பார்த்த மாத்திரத்துல பிரிச்சு வைக்கும். சாமையில எத்தனை தினுசு, எது எப்ப வெளையும்னு சொல்லும். அதை "வேறுபடுத்துக"ன்னு உங்க கேள்வித்தாள்ல கேட்டா மட்டும் முழிக்கும். வேறுபடுத்துறது அதுக்குப் புதுசில்ல, அந்தச் சொல்லுதான் புதுசு.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு பெரியவங்க சொல்லிட்டுப் போயிட்டாங்க. எங்க பங்காளி ஒருத்தன் சுரை வெத பாக்கெட்டுல காலாவதித் தேதியப் பாக்காம ஊனிட்டு ஒரு மாசம் மொளைக்கு ஏங்கினான். ஏட்டைப் படிச்சிருந்தா கறி ஆயிருக்கும். யூரியா மூட்டை 45 கிலோ, அதுல 46 சதவீதம் தழைச்சத்து, அப்ப எத்தினி கிலோ? பூச்சிமருந்து டப்பாவுல செவப்பு முக்கோணமா, பச்சை முக்கோணமா? உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை எத்தனை தண்ணியில கலக்கணும், எத்தனை மணி நேரத்துக்குள்ள குடிச்சு முடிக்கணும்? இந்தப் பொட்டலத்தைக் குடுத்தே 2023-ல அசர்னு ஒரு கணக்கெடுப்புல 14-லேருந்து 18 வயசுப் புள்ளைங்களைப் படிக்கச் சொன்னாங்க. நம்ம தமிழ்நாட்டுல பெரம்பலூர் மாவட்டத்துல எடுத்தாங்க. படிக்கிற வயசுப் பசங்களுக்கு வைக்க வேண்டிய பரிச்சைன்னா அதுதான்.

செஞ்சு பாக்கலாம்னு மனசு வந்தா, பெருசா ஒண்ணும் வேணாம். பாடம் ஆரம்பிக்கிற அன்னிக்குப் பத்து நிமிஷம். டீச்சர், நீங்களே ஒரு பாராவைச் சத்தம் போட்டுப் படிங்க, ஆனா வழுக்கிக்கிட்டுப் போவாதீங்க. எங்க நிக்கிறீங்க, எதுக்குப் படத்தைப் பாக்குறீங்க, எந்த வரி புரியாம ரெண்டாந்தரம் போறீங்கன்னு வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே படிங்க. வாத்தியாரும் தடுக்கித்தான் படிக்கிறாருன்னு தெரிஞ்சா பாதிப் புள்ளைங்களுக்குப் பயம் போயிடும். அடுத்த பாராவை அவங்க மனசுக்குள்ள படிக்கட்டும். அப்பறம் பக்கத்துப் புள்ளகிட்ட அவங்க பேச்சுலயே, மலைப்பேச்சுன்னா மலைப்பேச்சுலயே, சொல்லட்டும். பென்சில் அவங்க கையில இருக்கட்டும். குறி போடுறது அவங்க வேலை. தப்பா போட்டா ஏன் அங்க போட்டன்னு கேளுங்க, அழிக்காதீங்க. ஸ்டாப் ரூம் சொவத்துல ஒரு சார்ட்டு ஒட்டி வைங்க: "மிகாமல்", "எனவே", "இருப்பினும்", "வேறுபடுத்துக", "காரணம் கூறுக". இந்தச் சொல்லை அஞ்சு பேரும் ஒரே மாதிரி சொல்லிக் குடுங்க. இப்ப "காரணம் கூறுக"ன்னா சயின்ஸ்ல ஒரு வரி போதும்ங்கிறீங்க, சோசியல்ல ஒரு பக்கம் எழுதச் சொல்றீங்க. பையன் எந்த ஊருக்குப் போனா எந்தச் சட்டம்னு தெரியாம அல்லாடுறான்.

போர்ஷன் முடியாதேங்கிறீங்க. டிசம்பர்லயே முடிச்சுட்டு, ஜனவரியிலேருந்து முதல் திருப்புதல், ரெண்டாம் திருப்புதல், அதுக்கப்பறம் காலையில ஸ்பெசல் கிளாஸ், சாயந்தரம் ஸ்பெசல் கிளாஸ்னு அதே பாடத்தை எத்தனை தரம் உழுறீங்க? அதுல ஒரு உழவை முன்கூட்டி உழுதுட்டுப் போங்களேன். மொதத் தடவையே படிச்சுப் புரிஞ்சவனுக்கு நாலாந்தரம் எதுக்கு?

சர்க்குலர் வந்தா செய்யறோம்னு எச்.எம். ஐயா சொல்றாரு. நியாயம்தான், மேலிடத்து உத்தரவு இல்லாம நல்லது செஞ்சா நாளைக்கு ஆடிட்ல கேப்பான். ஆனா ஐயா, பள்ளிக்கூட வாட்ஸப் குரூப்புல குழு உறுப்பினர்னு என்னையும் சேத்து வச்சிருக்கீங்க, மறந்துட்டீங்கபோல. போன தரம் ஒரு சர்க்குலர் வந்துச்சு, மூணு பக்கம். விழுந்த மறு நிமிஷமே வரிசையாக் கட்டைவிரல், கும்பிடு, "ஓகே சார்". சாயந்தரம் ஒருத்தர் போட்டாரு: "யாராச்சும் படிச்சுட்டு என்ன போட்டிருக்குன்னு சுருக்கமா சொல்லுங்க." அதுக்கு இன்னொருத்தர் பதில் போட்டிருந்தாரு: "தமிழ் சாரைக் கேளுங்க."